பிரெஞ்சு மொழியின் எம்பார்ஃபெ இறந்தகாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சில் நடந்து முடிந்ததைப் பேச, அன்றாட வழக்கில் இரண்டு வடிவங்கள் முதன்மையாக இருக்கின்றன. ஒன்று பாஸே கோம்போஸே, மற்றொன்று எம்பார்ஃபெ. இரண்டாவதைத் தமிழில் நிறைவுறா இறந்தகாலம் எனலாம். அதன் வினைவடிவங்களை ஒரே நாளில் கற்றுவிட முடியும். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்ற தேர்வுதான் மாதக்கணக்கில் பழக வேண்டியது. அந்தத் தேர்வில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடங்களும் உண்டு, நம்மைச் சறுக்கிவிடும் இடங்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிரெஞ்சுச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத் தந்திருக்கிறேன். சொல்லின் இறுதியில் ‘எ’ என்று முடிந்தால் வாயைச் சற்று அகலமாகத் திறந்தும், ‘ஏ’ என்று முடிந்தால் வாயை ஒடுக்கியும் ஒலிக்க வேண்டும். ‘ஜு’, ‘லு’, ‘து’ ஆகியவற்றில் உள்ள உகரம் குற்றியலுகரம் போலக் குறுகி ஒலிக்கும். எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசும்போது, நம் பள்ளிகளில் ரோமன் எழுத்துகளுக்குச் சொல்லும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

எம்பார்ஃபெ என்பது சரியாக எதைக் காட்டுகிறது?

கடந்தகாலத்தில் நிகழ்ந்த ஒன்றை, அதன் தொடக்கத்தையும் முடிவையும் கருதாமல், அதன் நடுவில் நின்று பார்ப்பதுபோலச் சொல்லும் வடிவம் இது. ‘ஜு லிஸெ’ என்றால் ‘நான் படித்துக்கொண்டிருந்தேன்’ அல்லது ‘நான் படிப்பது வழக்கம்’ என்று பொருள். படிக்கத் தொடங்கியது எப்போது, முடித்தது எப்போது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. மாறாக, ‘ஜே லியூ’ என்னும் பாஸே கோம்போஸே வடிவம், படித்தது முடிந்துபோன ஒரு முழு நிகழ்ச்சி என்று சொல்கிறது. நடந்தது ஒன்றாகவே இருக்கலாம். அதைச் சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதே வேறுபாடு. பின்வரும் விடைகள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கின்றன.

வினைவடிவத்தை எப்படி அமைப்பது?

நிகழ்காலத்தில் ‘நூ’ (நாம், நாங்கள்) என்பதற்கு உரிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறுதியில் உள்ள ஓ-என்-எஸ் என்ற மூன்று எழுத்துகளை நீக்குங்கள். மிஞ்சும் அடியோடு எம்பார்ஃபெ விகுதிகளைச் சேருங்கள். ‘ஜு’ (நான்), ‘த்யு’ (நீ) இரண்டுக்கும் ஏ-ஐ-எஸ். ‘இல்’ (அவன், அவர், அது), ‘எல்’ (அவள்), ‘ஓன்’ (பேச்சுவழக்கில் நாம், நாங்கள்) ஆகியவற்றுக்கு ஏ-ஐ-டி. ‘நூ’ என்பதற்கு ஐ-ஓ-என்-எஸ். ‘வூ’ (நீங்கள்) என்பதற்கு ஐ-ஈ-இசட். படர்க்கைப் பன்மைக்கு ஏ-ஐ-ஈ-என்-டி.

‘பார்லே’ (பேசு) என்ற வினையைப் பார்ப்போம். நிகழ்காலத்தில் ‘நூ பார்லோன்’, அடி ‘பார்ல்’. எனவே ஜு பார்லெ, த்யு பார்லெ, இல் பார்லெ, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லெ என்று வரும். கடைசியில் உள்ள ‘இல்’ பன்மை. எழுத்தில் அதற்கு எஸ் கூடுதலாக உண்டு, ஒலியில் இல்லை.

நிகழ்காலத்தில் தாறுமாறாக மாறும் வினைகளும் இந்த வழியில் அடங்கிவிடுகின்றன என்பதுதான் இந்த விதியின் அழகு. ‘ஃபினீர்’ (முடி): நூ ஃபினிஸோன், ஆகவே ஜு ஃபினிஸெ. ‘ப்ராந்த்ர்’ (எடு): நூ ப்ருனோன், ஆகவே ஜு ப்ருனெ. ‘ப்வார்’ (குடி): நூ ப்யுவோன், ஆகவே ஜு ப்யுவெ. ‘அவ்வார்’ (உடைத்தாயிருத்தல்): நூ ஸாவோன், ஆகவே ஜாவெ. ‘ஆலே’ (போ): நூ ஸாலோன், ஆகவே ஜாலெ. ‘ஃபெர்’ (செய்) என்ற வினையில் மட்டும் ஒலிப்பைக் கவனியுங்கள். எழுத்தில் ஏ-ஐ இருந்தாலும் ‘நூ ஃபுஸோன்’ என்றே சொல்வார்கள். எனவே ‘ஜு ஃபுஸெ’ என்று வருமே தவிர ‘ஜு ஃபெஸெ’ என்று வராது.

விதிவிலக்குகள் எத்தனை?

அடியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: ‘எத்ர்’ (இரு). அதன் நிகழ்கால வடிவமான ‘நூ ஸோம்’ ஓ-என்-எஸ் என்று முடிவதில்லை. ஆகவே விதியைப் பொருத்த இடமில்லை. அதற்கு ‘ஏத்’ என்ற தனி அடி உண்டு: ஜேதெ, த்யு ஏதெ, இல் ஏதெ, நூ ஸேதியோன், வூ ஸேதியே, இல் ஸேதெ. விகுதிகள் மாறுவதில்லை.

‘ஃபாலுவார்’ (வேண்டியிருத்தல்), ‘ப்லுவ்வார்’ (மழை பெய்தல்) போன்ற வினைகள் ‘இல்’ என்பதோடு மட்டுமே வருவதால், அவற்றுக்கு ‘நூ’ வடிவமே கிடையாது. ‘இல் ஃபாலெ’, ‘இல் ப்லுவெ’ என்ற இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. இரண்டும் அடிக்கடி தேவைப்படும்.

எழுத்துக்கூட்டலில் எங்கே தவறு நேர்கிறது?

மூன்று இடங்களில். முதலாவது, ‘மான்ஜே’ (சாப்பிடு) போல ஜி-ஈ-ஆர் என்று முடியும் வினைகள். ஜி என்ற எழுத்துக்குப் பின்னால் ஏ வந்தால் அது ‘க’ ஒலியாக மாறிவிடும். ‘ஜ’ ஒலியைக் காப்பாற்ற இடையில் ஓர் ஈ சேர்க்க வேண்டும். ‘ஜு மான்ஜெ’ என்பதில் அந்த ஈ உண்டு. ‘நூ மான்ஜியோன்’, ‘வூ மான்ஜியே’ இரண்டிலும் விகுதி ஐ என்ற எழுத்தில் தொடங்குவதால் ஈ தேவையில்லை. ‘நூ’ வடிவத்திலிருந்து அடியை எடுக்கும் பழக்கத்தில் அந்த ஈயை அங்கேயும் எழுதிவிடுகிறவர்கள் பலர்.

இரண்டாவது, ‘கொமான்ஸே’ (தொடங்கு) போல சி-ஈ-ஆர் என்று முடிபவை. இங்கேயும் காரணம் அதேதான். ஏ என்ற எழுத்துக்கு முன்னால் சி வந்தால், அதன் அடியில் ‘ஸேதீய்’ என்னும் சிறு வளைவைப் போட வேண்டும். ஐ என்ற எழுத்துக்கு முன்னால் வேண்டியதில்லை.

மூன்றாவது இடம்தான் பலரைத் தயங்க வைக்கிறது. ‘ஏத்யுதியே’ (படிப்பு படி) என்ற வினையின் அடியே ஐ என்ற எழுத்தில் முடிகிறது. விகுதியும் ஐ என்ற எழுத்தில் தொடங்குகிறது. எனவே ‘நூ’, ‘வூ’ வடிவங்களில் இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். பார்ப்பதற்கு அச்சுப்பிழை போலத் தெரிந்தாலும் அதுவே சரி. அந்த இரண்டாவது ஐயை விட்டுவிட்டால் வாக்கியம் நிகழ்காலமாகிவிடும். ‘ரீர்’ (சிரி) என்ற வினைக்கும் இதுவே பொருந்தும். ‘வ்வார்’ (பார்), ‘க்ர்வார்’ (நம்பு), ‘பேயே’ (பணம் செலுத்து) ஆகியவற்றில் அடி ஒய் என்ற எழுத்தில் முடிவதால், ஒய்யும் ஐயும் சேர்ந்து நிற்கும்.

ஆறு வடிவங்களில் நான்கு ஒரே மாதிரி ஒலிக்கின்றனவே, ஏன் இத்தனை எழுத்துகள்?

ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி, ஏ-ஐ-ஈ-என்-டி மூன்றும் ஒலியில் ஒரே ‘எ’தான். இறுதி மெய்யெழுத்துகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேச்சில் உதிர்ந்துவிட்டன. எழுத்து அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. அன்றாடப் பேச்சில் ‘நூ’ என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ‘ஓன்’ என்பதையே சொல்வதால், காதில் விழுவது ஏறக்குறைய இரண்டே வடிவங்கள்: ஒன்று ‘எ’ என்று முடிவது, மற்றொன்று ‘வூ’வுக்கு உரிய ‘யே’. பேசக் கற்பவருக்கு இது பெரிய சலுகை. சொல்வதைக் கேட்டு எழுதும் தேர்வில் மட்டும் எழுவாய் யார் என்று பார்த்தே விகுதியை எழுத வேண்டியிருக்கும்.

பழைய நூல்களைப் புரட்டினால் இந்த விகுதிகளில் ஏ-ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஓ-ஐ இருப்பதைக் காணலாம். ஒலிப்பு மாறிய பின்னும் எழுத்து பழைய வழியிலேயே நீடித்தது. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் வால்தேர் புதிய எழுத்துமுறையை வலியுறுத்தினார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 1835ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதை ஏற்றுக்கொண்டது.

தமிழில் எந்த வடிவம் இதற்கு நிகர்?

தனி ஒரு வடிவம் இல்லை. எம்பார்ஃபெயின் வேலையைத் தமிழ் பல வடிவங்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடந்துகொண்டிருந்த செயலுக்கு ‘-கொண்டிருந்தேன்’ வரும்: ‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்பது ‘ஜு லிஸெ’. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. நிலையைச் சொல்ல ‘இருந்தது’ வரும்: ‘வீடு பெரியதாக இருந்தது’ என்பது ‘லா மெஸோன் ஏதெ க்ராந்த்’. இதுவும் எளிது.

வழக்கத்தைச் சொல்லும்போதுதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. ‘சின்ன வயதில் நாங்கள் தினமும் ஆற்றில் குளிப்போம், தாத்தா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்’ என்று இயல்பாகச் சொல்கிறோம். ‘குளிப்போம்’ என்பது வடிவத்தில் எதிர்காலம். பொருளிலோ முடிந்துபோன வழக்கம். தமிழ் வழியாக யோசிக்கிறவர் இதை அப்படியே பெயர்த்தால் பிரெஞ்சில் எதிர்கால வினை வந்து நிற்கும். கேட்பவருக்கு நாளை நடக்கப்போவதாகவே தோன்றும். ‘தாத்தா கோயிலுக்குப் போவார்’ என்ற பழைய வழக்கத்துக்கு ‘இல் ஆலெ’ என்பதே சரி. ‘இல் இரா’ என்றால் அவர் இனிமேல் போகப்போகிறார் என்று ஆகிவிடும்.

அடுத்து, தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியும் போன்ற வினைகள். ‘எனக்கு அப்போதே தெரியும்’, ‘அந்த வயதில் எனக்கு மீன் பிடிக்காது’ என்கிறோம். வினையில் இறந்தகால இடைநிலை இல்லை. ‘அப்போதே’, ‘அந்த வயதில்’ என்ற சொற்களே காலத்தைச் சுமக்கின்றன. பிரெஞ்சில் வினைதான் காலத்தைச் சொல்லியாக வேண்டும்: ‘ஜு லு ஸாவெ’, ‘ஜு நெமெ பா லு ப்வாஸோன்’. வினையே இல்லாத வாக்கியங்களும் உண்டு. ‘அப்போது எனக்குப் பத்து வயது’ என்பதில் வினை எங்கே இருக்கிறது? பிரெஞ்சில் ‘ஜாவெ தீஸான்’ என்று வினையோடு சொல்ல வேண்டும்.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு சோதனை கிடைக்கிறது. கடந்தகாலத்தைப் பற்றிப் பேசும்போது, தமிழ் வாக்கியத்தில் உள்ள வினை இறந்தகால வடிவத்தில் இல்லாமலோ, வினையே இல்லாமலோ நின்றால், பிரெஞ்சில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் எம்பார்ஃபெ வரும்.

நீண்ட நேரம் நடந்த செயலுக்கு எம்பார்ஃபெ, சட்டென முடிந்த செயலுக்கு பாஸே கோம்போஸே என்று கற்றேன். அது சரியா?

சரியில்லை. மிகப் பரவலாகச் சொல்லப்படும் இந்த விதி பிழைகளுக்கே வழிவகுக்கிறது. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர் 1337 முதல் 1453 வரை 116 ஆண்டுகள் நீடித்தது. அதைப் பிரெஞ்சில் ‘ஆ த்யூரே’ (நீடித்தது) என்று பாஸே கோம்போஸேயில்தான் சொல்ல வேண்டும். நூற்றாண்டைத் தாண்டிய போர்தான். ஆனால் இத்தனை ஆண்டுகள் என்று அளவு சொன்னவுடனேயே அதற்கு இரு எல்லைகளும் வந்துவிடுகின்றன. முழுதாக அளந்து முடிக்கப்பட்ட ஒன்றை உள்ளே நின்று பார்க்க முடியாது.

‘லியோனில் பத்து ஆண்டுகள் வசித்தேன்’ என்பதும் இப்படித்தான்: ‘ஜே அபிதே தீஸான் ஆ லியோன்’. தமிழில் ‘பத்து வருஷம் அங்கேதான் இருந்துகொண்டிருந்தேன்’ என்று சொன்னாலும் நம் காதுக்கு உறுத்துவதில்லை. அதனாலேயே பலர் இங்கே ‘ஜாபிதெ’ என்று எழுதிவிடுகிறார்கள். கால அளவு, ‘நாள் முழுவதும்’, ‘மூன்று முறை’, ‘இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டு வரை’ போன்றவை வரும்போது செயல் மூடப்பட்டதாகவே பிரெஞ்சு கருதும்.

மறுபக்கம், ஒரு நொடியில் முடியும் செயலும் எம்பார்ஃபெயில் வரலாம். ‘இல் ஃபெர்மெ லா போர்த் கான் லு தேலேஃபோன் ஆ ஸோனே’: அவர் கதவை மூடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. கதவை மூட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனாலும் மணி ஒலித்த கணத்தில் அந்தச் செயல் நடுவில் இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கால அளவு வழக்கத்துக்கு உள்ளே அடங்கியிருந்தால் எம்பார்ஃபெ வரத் தடையில்லை. ‘ஒவ்வொரு கோடையிலும் கடற்கரையில் மூன்று வாரம் கழிப்போம்’ என்பதை ‘ஷாக் ஏதே, நூ பாஸியோன் த்ர்வா ஸுமென்’ என்று தொடங்கிச் சொல்லலாம். மூன்று வாரம் என்பது ஒவ்வொரு முறைக்குமான அளவு. அந்த வழக்கம் எத்தனை கோடை நீடித்தது என்று வாக்கியம் சொல்லவில்லை.

ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்போது எது எங்கே?

பின்னணியாக ஏற்கெனவே இருந்தது எம்பார்ஃபெயிலும், அதன் நடுவே புதிதாக நுழைந்தது பாஸே கோம்போஸேயிலும் வரும். ‘இல் ப்லுவெ கான் ஜு ஸுயி ஸோர்த்தி’ என்றால், நான் வெளியே வந்தபோது மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. மழைக்கும் பாஸே கோம்போஸேயைப் போட்டால், நான் வெளியே வந்தேன், அதன்பின் மழை பெய்தது என்று வரிசையாகக் கேட்கும். கதையை நகர்த்துகிறதா, நிற்கும் இடத்தைக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு வினையையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.

சில வினைகளில் காலத்தை மாற்றினால் பொருளே மாறுகிறது என்கிறார்களே?

ஆம். அறிதல், விரும்புதல், இயலுதல் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளில் இது தெளிவாகத் தெரியும். ‘ஜு ஸாவெ’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘ஜே ஸ்யு’ என்றால் எனக்குத் தெரியவந்தது. ‘ஜு புவெ’ என்றால் என்னால் முடிகிற நிலை இருந்தது, செய்தேனா என்பது வேறு. ‘ஜே ப்யு’ என்றால் முடிந்தது, செய்தும் விட்டேன். ‘ஜு துவெ’ என்றால் செய்ய வேண்டியிருந்தது அல்லது செய்வதாக ஏற்பாடு. ‘ஜே த்யு’ என்றால் செய்தே தீர வேண்டியதாயிற்று, அல்லது இடத்தைப் பொறுத்து, ‘செய்திருப்பேன் போலும்’. ‘ஜாவெ பெர்’ என்றால் பயமாக இருந்தது. ‘ஜே யு பெர்’ என்றால் சட்டெனப் பயம் வந்தது.

காரணம் முன்பு சொன்னதே. நிலைக்கு எல்லை கட்டினால், அது தொடங்கிய கணம்தான் கண்ணில் படுகிறது. தெரிந்திருத்தலின் தொடக்கம், தெரியவருதல்.

‘ஸேதெ’ என்பதை எப்போதும் சொல்லலாமா?

‘அது நன்றாக இருந்தது’, ‘அழகாக இருந்தது’ என்று கருத்துச் சொல்லும்போது ‘ஸேதெ’ பெரும்பாலும் பிழையாவதில்லை. பார்த்த படம், போன பயணம், சாப்பிட்ட உணவு எதற்கும் ‘ஸேதெ பியென்’, ‘ஸேதெ போன்’ என்று சொல்லலாம். ஆனால் பிரான்சில் உணவகப் பணியாளர் தட்டை எடுக்க வரும்போது ‘ஸா ஆ ஏதே?’ என்று பாஸே கோம்போஸேயில் கேட்பது வழக்கம். சாப்பாடு முடிந்துவிட்டது, எல்லாம் சரியாக அமைந்ததா என்று முழுவதையும் சேர்த்துக் கேட்கிறார். ‘இருந்தது, இருந்தன’ என்று பொருள்களின் இருப்பைச் சொல்ல ‘இல் யாவெ’ உதவும்.

‘எப்போதும்’, ‘திடீரென்று’ போன்ற சொற்களைப் பார்த்துக் காலத்தை முடிவு செய்யலாமா?

அவை குறிப்புகள் மட்டுமே. ‘திடீரென்று’ என்பதோடு பாஸே கோம்போஸேயும், ‘ஒவ்வொரு நாளும்’ என்பதோடு எம்பார்ஃபெயும் பெரும்பாலும் வரும் என்பது உண்மைதான். ஆனால் ‘நேற்று’ என்பது இரண்டோடும் வரும். ‘தூஜூர்’ (எப்போதும்) என்பதும் அப்படியே: ‘ஜே தூஜூர் எமே லா மெர்’ என்றால் கடல் எனக்கு என்றுமே பிடித்தது, இன்றும் பிடிக்கும், ‘ஜெமெ தூஜூர் லா மெர்’ என்றால் அன்றைய நிலையை மட்டும் சொல்கிறேன். சொல்லைப் பார்த்து வினையை எழுதும் பழக்கம் பயிற்சித் தாளில் மதிப்பெண் தரும்; உரையாடலில் கைவிடும்.

‘ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன்’ என்பதில் கால அளவு இருக்கிறது. பிறகு ஏன் எம்பார்ஃபெ?

இங்கே ‘துபுயி’ என்ற சொல் வருவதால். ‘ஜாதாந்தெ துபுயி யூன் எர் கான் லு பியுஸ் எ தாரிவே’: பேருந்து வந்தபோது நான் ஒரு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். ‘துபுயி’ தொடக்கத்தை மட்டும் சொல்கிறது. முடிவு திறந்தே இருக்கிறது. தமிழில் ‘ஒரு மணி நேரம்’ என்பதற்கும் ‘ஒரு மணி நேரமாக’ என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. அந்த ‘-ஆக’ வந்தால் ‘துபுயி’யும் எம்பார்ஃபெயும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

‘ஸி’ என்ற நிபந்தனைச் சொல்லோடு இது எப்படி வருகிறது?

உண்மையில் இல்லாத, அல்லது நடக்க வாய்ப்புக் குறைந்த நிலையைக் கற்பனை செய்யும்போது, ‘ஸி’க்குப் பின் எம்பார்ஃபெயும் மற்றப் பகுதியில் கோந்திசியோனெல் என்னும் நிபந்தனை வினைவடிவமும் வரும். ‘ஸி ஜாவெ லு தான், ஜு வியெந்த்ரெ’: எனக்கு நேரம் இருந்தால் வருவேன், ஆனால் இல்லை.

நிபந்தனைக்கு இறந்தகால வடிவமா என்று வியக்க வேண்டியதில்லை. தமிழும் இதையே செய்கிறது: வந்தால், போனால், இருந்தால் என்பவை இறந்தகால அடியோடு ‘-ஆல்’ சேர்ந்தவை. இங்கே இரு மொழிகளும் நெருங்கி வருகின்றன. ஆனால் தமிழ் ‘இருந்தால் வருவேன்’ என்பதை இரண்டு பொருளிலும் சொல்லும். நேரம் கிடைக்கக்கூடும், கிடைத்தால் உண்மையாகவே வருவேன் என்றால், பிரெஞ்சில் ‘ஸி’க்குப் பின் நிகழ்காலமும் மற்றப் பகுதியில் எதிர்காலமும் வேண்டும்: ‘ஸி ஜே லு தான், ஜு வியெந்த்ரே’. இரண்டில் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று தமிழிலேயே முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கோந்திசியோனெலின் விகுதிகள் எம்பார்ஃபெயின் விகுதிகளே. அடி மட்டும் எதிர்கால அடி, அதில் ஆர் ஒலி எப்போதும் இருக்கும். விகுதிகள் ஒன்றாக இருப்பதால் ‘ஸி’க்குப் பின்னும் கோந்திசியோனெலையே போட்டுவிடும் தவறு பிரெஞ்சுக் குழந்தைகளிடமும் உண்டு. அதற்காகவே பள்ளியில் ‘லே ஸி நெம் பா லே ரெ’ என்று சொல்லித் தருவார்கள்: ‘ஸி’க்களுக்கு ‘ரெ’க்கள் பிடிக்காது.

முடிவுப் பகுதி இல்லாமல் ‘ஸி’ தனியாக வந்தால் அது யோசனை: ‘ஸி ஓன் நாலெ ஓ ஸினேமா?’ என்பது நம் ‘சினிமாவுக்குப் போனால் என்ன?’ என்பதேதான்.

மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது?

‘உடம்பு சரியில்லை என்று சொன்னான்’. தமிழில் அவன் சொன்ன சொற்கள் மாறுவதில்லை. ‘என்று’ எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. பிரெஞ்சில் ‘சொன்னான்’ என்பது இறந்தகாலமாக இருந்தால், சொன்ன செய்தியின் நிகழ்காலம் எம்பார்ஃபெயாக மாற வேண்டும்: ‘இல் ஆ தி கில் ஏதெ மாலாத்’. ‘வருவேன் என்றான்’ என்பதில் உள்ள எதிர்காலம் கோந்திசியோனெலாக மாறும். ‘என்று’ பழகிய நமக்கு இது கடைசிவரை மறந்துபோகும் இடம். எழுதிய பின் ஒருமுறை இதற்காக மட்டும் திரும்பப் படிப்பது பயன் தரும்.

பணிவுக்காக எம்பார்ஃபெ பயன்படுத்துவது உண்மையா?

உண்மை. ‘ஜு வூலெ வூ துமாந்தே’ என்று தொடங்கினால், ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்பதுபோல மென்மையாக இருக்கும். விருப்பம் இப்போதும் இருக்கிறது, ஆனால் எதிரில் இருப்பவரை அது நெருக்குவதில்லை. கடைக்காரர் ‘வூ தேஸிரியே?’ என்று கேட்பதும் உண்டு. நம் ‘வந்தேன்’ என்ற இறந்தகாலமும் அங்கே அதே பணிவைத்தான் காட்டுகிறது.

பிரெஞ்சுக் குழந்தைகள் விளையாட்டுக்கு வேடம் பிரிக்கும்போதும் இதையே சொல்வார்கள்: ‘ம்வா, ஜேதெ லு தொக்தர்’, நான் டாக்டராம். நம் குழந்தைகள் ‘நான் டாக்டராம், நீ நோயாளியாம்’ என்று ‘-ஆம்’ சேர்ப்பதும் பிரெஞ்சின் எம்பார்ஃபெயும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன: இந்த உலகத்திலிருந்து ஓரடி விலகி, கற்பனைக்குள் நுழைவது.

பத்திரிகைகளில் தேதியோடு முடிந்துபோன நிகழ்ச்சிக்கும் எம்பார்ஃபெ வருகிறதே?

அதைக் கதைசொல்லும் எம்பார்ஃபெ என்பார்கள். விக்தோர் யூகோ 1885 மே 22 அன்று பாரிஸில் இறந்தார். இதைப் பத்திரிகை நடையில் தேதியை முதலில் வைத்து, ‘விக்தோர் யூகோ மூரெ ஆ பாரி’ என்று எழுதலாம். மரணத்தைவிட எல்லையுள்ள நிகழ்ச்சி வேறில்லை; ஆனாலும் வாசகரை அந்த நாளுக்குள் நிறுத்தி, நிகழ்வதைப் பார்க்க வைக்கும் நோக்கில் எழுத்தாளர் இவ்வடிவத்தைத் தேர்கிறார். படிக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளுங்கள். தொடக்கநிலையில் நீங்களே எழுத முயல வேண்டாம். ‘இன்னும் ஒரு நிமிடம் ஆகியிருந்தால் ரயிலை விட்டிருப்பேன்’ என்பதை ‘யூன் மினூத் து ப்லியுஸ், ஏ ஜு ராதெ லு த்ரென்’ என்று சொல்வது மட்டும் பேச்சிலும் இயல்பு.

ஒரு பத்தியை எடுத்து, வினை வினையாகக் காட்ட முடியுமா?

இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம். ‘அன்று ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. லியோனின் பார்-தியூ ரயில் நிலையத்தில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவள் எப்போதும் முன்பெட்டியில்தான் ஏறுவாள். ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. அவளைக் காணவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது கைப்பேசி ஒலித்தது. அவள் அடுத்த ரயிலில் இருந்தாள்.’

முதல் வாக்கியத்தில் வினை இல்லை. பிரெஞ்சில் ‘ஸேதெ திமான்ஷ்’. மழை, பின்னணி: ‘இல் ப்லுவெ’. காத்திருந்ததும் பின்னணியே: ‘ஜாதாந்தெ’. ‘ஏறுவாள்’ என்பது வழக்கம். எதிர்கால வடிவத்தைக் கண்டு மயங்காமல் ‘எல் மோந்தெ’ என்று எழுத வேண்டும். ரயில் வந்ததும் கதை நகரத் தொடங்குகிறது: ‘லு த்ரென் எ தாரிவே’. கதவுகள் திறந்ததும் அப்படியே, பாஸே கோம்போஸே.

‘காணவில்லை’ என்ற இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவள் அங்கே இல்லை என்ற நிலையைச் சொல்வதானால் ‘எல் நேதெ பா லா’ என்று எம்பார்ஃபெ. தேடிப் பார்த்தும் கண்ணில் படவில்லை என்ற நிகழ்ச்சியாகச் சொல்வதானால் பாஸே கோம்போஸே. இரண்டும் சரியான பிரெஞ்சுதான், படிப்பவர் காணும் காட்சி மட்டும் வேறு. பயம் வந்தது புதிய திருப்பம்: ‘ஜே யு பெர்’. கைப்பேசி ஒலித்ததும் நிகழ்ச்சி: ‘மோன் போர்தாப்ல் ஆ ஸோனே’. கடைசி வாக்கியம் மறுபடியும் நிலை: ‘எல் ஏதெ’. உங்கள் சொந்த நினைவு ஒன்றைத் தமிழில் எழுதி, இதேபோல வினைகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பிரித்துப் பாருங்கள். கட்டங்களை நிரப்பும் பயிற்சியைவிட இதுவே அதிகம் கற்றுத் தரும்.

‘ஜு பார்லெ’, ‘ஜே பார்லே’: காதால் எப்படிப் பிரிப்பது?

இறுதி உயிரொலியை நம்பாதீர்கள். தெற்குப் பிரான்சில் பலர் திறந்த ‘எ’யையும் மூடிய ‘ஏ’யையும் சொல்லின் இறுதியில் ஒன்றாகவே ஒலிப்பார்கள். கவனிக்க வேண்டியது தொடக்கத்தை: ‘ஜு’ என்றால் எம்பார்ஃபெ, ‘ஜே’ என்றால் பாஸே கோம்போஸே. படர்க்கையில் இது இன்னும் எளிது. ‘இல் பார்லெ’ என்பதற்கும் ‘இல் ஆ பார்லே’ என்பதற்கும் இடையில் ‘ஆ’ என்ற துணைவினை தெளிவாகக் கேட்கும். நீங்கள் பேசும்போதும் இந்தத் துணைவினையைத் தெளிவாக உச்சரித்துவிட்டால், இறுதி உயிர் சற்றுப் பிசகினாலும் கேட்பவருக்குக் காலம் குழம்பாது.